வட்டில் பொறித்த தமிழ்



மொழியியல் பயின்ற ஒருவன் வட்டுகளைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பேச்சுமொழியை ஆராய்வோர்க்குச் சான்று குரலேயாகும். அக்குரல் இன்று பெரும்பாலும் வட்டுகளில் உறங்குகிறது. அதனால் வட்டினைப் பேணுதலும் மொழிப்பணியுள் அடங்கும் என்பது என் துணிபு.

இப்பாயான் லெப்பாசில் 1972ஆம் ஆண்டு தடையற்ற வணிக வலயம் அமைந்தது. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவிற்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அவ்வாண்டே இங்குத் தொடங்கியது. மின்னணுக் கருவிகளைச் செய்யும் கைகள் நம் வீடுகளிலேயே உள்ளன. அக்கருவிகளின் வழி நம் மொழியைக் காக்கும் முறையையும் அக்கைகள் அறிதல் வேண்டும்.

2000ஆம் ஆண்டிற்குப் பிந்திய காலத்தில் பள்ளி ஆண்டுவிழா, கோவில் திருவிழா, திருமணம், தோட்டத்து முதியோரின் நினைவுரை ஆகியவற்றைப் பலரும் டி.வி.டி. வட்டில் பதிந்து வைத்தனர். வீட்டில் பதியும் வட்டு, தொழிற்சாலையில் அச்சிட்ட வட்டைப் போன்றதன்று. அதனுள் ஒரு சாயப்படலம் உண்டு. ஒளிக்கதிர் அச்சாயத்தின் தன்மையை மாற்றியே செய்தியை எழுதுகிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தைக் கெடுக்கும். நம் நாட்டுத் தட்பவெப்பமோ இம்மூன்றும் நிறைந்தது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு இயக்கியே இல்லை. எனவே காலம் தாழ்த்தல் தகாது.

நம் முன்னோர் ஏடு செல்லரிக்குமுன் புதிய ஓலையில் படியெடுத்தனர். அதனையொத்த பணியே இன்று வட்டுப் படிமம் எடுத்தல். படிமம் என்பது வட்டிலுள்ள செய்தி முழுவதையும், அடுக்குமுறை மாறாமல், ஒரே கோப்பாக வாங்கிக்கொள்வது. அதன் பெயரின் ஈற்றில் ஐ.எஸ்.ஓ. எனும் மூன்றெழுத்து நிற்கும். காட்சி, ஒலித்தடங்கள், துணையுரை, தேர்வுப்பட்டி ஆகிய யாவும் அதனுள் அடங்கும்.

இங்கே மாணவர் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. படிமக் கோப்பை வெற்று வட்டிற்கு இழுத்துப் போட்டுப் பதிவர். பின்னர் இயக்கியில் இட்டால் படம் ஓடாது. காரணம் எளிது. அவ்வட்டில் இருப்பது கட்டு அவிழ்க்கப்படாத சுவடிப் பெட்டி. இயக்கி தேடுவது வீடியோ டி.எஸ். எனும் கோப்புறையை. ஆதலின் பதியும் மென்பொருளில் 'படிமத்தை வட்டில் எழுதுக' என்னும் பொருள்தரும் கட்டளையையே தேர்தல் வேண்டும். எழுதி முடித்தபின் வட்டைத் திறந்து பாருங்கள். அக்கோப்புறை தெரிந்தால் பணி செவ்விது, ஐ.எஸ்.ஓ. கோப்பு ஒன்றே தெரிந்தால் மீண்டும் எழுதுக.

படிமத்தினுள் இருப்பது எம்.பி.4 போன்ற வேறுவகைக் காட்சியாயின் அதனை முதலில் மாற்றுதல் வேண்டும். டி.வி.டி. இயக்கி ஏற்பது பெரும்பாலும் எம்பெக்-2 வடிவம். நம் நாடு கைக்கொண்ட பால் முறையில் 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டங்கள். ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட். கணினிகள் பல இதனையே 4.38 எனக் காட்டும். வட்டு செய்வோர் ஆயிரத்தாலும் அக்கணினிகள் 1024ஆலும் கணக்கிடுவதே இவ்வேற்றுமைக்குக் காரணம். இரண்டு மணிநேரக் காட்சி ஓரடுக்கில் அடங்க, காட்சியும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட்டைத் தாண்டலாகாது.

இனி மொழி தொடர்பான இரு செய்திகள். முதலாவது பெயர். ஐ.எஸ்.ஓ. 9660 எனும் தரத்தின் முதற்படி, கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்தும், வகையைக் குறிக்க மூன்று எழுத்துமே தந்தது. அவையும் உரோமப் பேரெழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே. பின்வந்த ஜோலியட் விரிவு யூனிகோடு எழுத்துகளை ஏற்றதால் தமிழ்ப் பெயரும் இடம்பெற்றது. ஆனால் காட்சி வட்டினுள் கோப்புப் பெயர்கள் முன்னரே வரையறுக்கப்பட்டவை; அங்கு நம் பெயருக்கு இடமில்லை. எனவே பேசியவர் யார், எவ்வூர், எந்த ஆண்டு என்பவற்றைத் தனி உரைக்கோப்பில் தமிழில் எழுதிப் படிமத்துடன் வைத்தல் இன்றியமையாதது. பெயரற்ற குரல் ஆய்வாளனுக்குப் பாதிப் பயனே தரும்.

இரண்டாவது துணையுரை. டி.வி.டி.யில் துணையுரை எழுத்தாக அன்று, சிறு படமாகவே இருக்கிறது. இதனால் இயக்கியில் தமிழ் எழுத்துரு இல்லாவிடினும் தமிழ் தெளிவாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட இயலாது. எழுத்துபெயர்த்த உரையை யூனிகோட்டிலும் தனியே வைத்துக்கொண்டால் இரு பயனும் கிட்டும்.

கலைச்சொல் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தார் இச்செயலை எரித்தல் என்பர். தமிழில் எரித்தால் மிஞ்சுவது சாம்பல். நான் பரிந்துரைப்பது பொறித்தல். கல்லில் எழுத்துப் பொறித்தனர் நம் முன்னோர். தீப்பொறியும் பொறியே, இயந்திரமும் பொறியே. ஒளிக்கதிர் வட்டில் எழுதும் செயலுக்கு இதனினும் பொருந்திய சொல் அரிது.

இவ்வளவு முயற்சி எதற்கெனில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரின் பேச்சில் ஊர்ப்பெயர், உறவுமுறை, மலாய்ச் சொல் கலந்த தொடர், எடுத்தலும் படுத்தலுமான ஓசை யாவும் உள்ளன. எழுத்து இவற்றுள் ஒரு பகுதியையே தாங்கும். கைப்பேசிக்கெனச் சுருக்கிய படியில் ஒலியின் நுட்பங்கள் சில மறையும். சுருக்கிய படி பார்ப்பதற்கு ஆகட்டும். முழுப் படிமம் காப்பதற்கு ஆகட்டும்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியும் தன் அலமாரியிலுள்ள வட்டுகளைப் பட்டியலிட்டு, பழையவற்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றிற்கும் படிமம் எடுத்து, இரு வேறிடங்களில் வைக்கலாம். பேசியவரிடமோ அவர்தம் குடும்பத்தாரிடமோ இசைவு பெறுதல் முறை. கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகள் பதிப்புரிமைக்கு உட்பட்டவை; அவை இப்பணியில் சேரா.

மாணவர்களே, இவ்வாரம் உங்கள் வீட்டில் ஒரு வட்டைத் தேடி எடுங்கள். அது ஓடுகிறதா எனப் பாருங்கள். ஓடினால், ஓடும்போதே படிமம் எடுங்கள்.