மண் தள்ளும் டிராக்டருக்கு எந்த விசைக் கடத்தி?

கோலார் தங்க வயல் என்றவுடன் நினைவுக்கு வருபவை, பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய தங்கச் சுரங்கங்களே. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இயங்கிய அச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. ஆனால் அவ்வூரின் மற்றொரு பெருந்தொழில் நின்றுவிடவில்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் 1964 மே மாதத்தில் பொதுத்துறை நிறுவனமாகத் தோன்றிய பாரத் எர்த் மூவர்ஸ், ஜப்பானின் கொமாட்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன், சங்கிலிப்பட்டையில் ஊரும் டிராக்டர்களை இங்கே உருவாக்கலாயிற்று. முன்புறத்தில் தகடு பொருத்தப்பட்டால் அந்த டிராக்டரே புல்டோசர் ஆகிறது.

இத்தகைய இயந்திரத்தை வாங்கும் அதிகாரியின் முன் ஒரு கேள்வி எழுகிறது. எஞ்சினின் விசையைச் சங்கிலிப்பட்டைக்குக் கொண்டுசெல்லும் அமைப்பு எவ்வகையினதாக இருக்க வேண்டும்? கிளட்சும் கியர் பெட்டியும் கொண்ட நேரடி முறையா? அல்லது முறுக்குவிசை மாற்றியும், எண்ணெய் அழுத்தத்தால் மாறும் கியர்களும் கொண்ட பவர்ஷிப்ட் முறையா? கொமாட்சுவின் பழைய வரிசையிலேயே இவ்விரு பிரிவுகளும் இணை இணையாக இருந்தன. டி-80 நேரடி முறையைச் சார்ந்தது. டி-85 முறுக்குவிசை மாற்றி கொண்டது. அவ்வாறே டி-150 நேரடி முறை. டி-155 மாற்றி முறை. இவற்றுள் டி-80, டி-155 ஆகியவை கோலார் தங்க வயலில் உற்பத்தியாயின.

இரு முறைகளின் இயல்பு

நேரடி முறையில் எஞ்சினுக்கும் சங்கிலிப்பட்டைக்கும் இடையே உள்ளவை பற்சக்கரங்களே. ஆகவே விசை இழப்பு குறைவு. ஆனால் சுமை அளவுக்கு மீறினால் எஞ்சின் திணறி நின்றுவிடும். முன்னே செல்லும் வண்டியைப் பின்னே செலுத்த வேண்டுமானால், கிளட்சை விலக்கி, வண்டியை நிறுத்தி, கியரை மாற்றி, மீண்டும் கிளட்சை இணைக்க வேண்டும்.

மாற்றி முறையில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே எண்ணெய் நிற்கிறது. எஞ்சின் சுழற்றும் துடுப்புச் சக்கரம் எண்ணெயை வீச, அவ்வெண்ணெய் மற்றொரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. நடுவில் உள்ள நிலைத் துடுப்புகள் எண்ணெயின் போக்கைத் திருப்பி விசையைப் பெருக்குகின்றன. சுமை மிகும்போது வண்டியின் வேகம் தானே குறைந்து, இழுவிசை தானே உயர்கிறது, எஞ்சின் நிற்பதில்லை. கைப்பிடியைச் சற்று அசைத்தாலே கியர் மாறிவிடும். இவ்வசதிக்கும் ஒரு விலை உண்டு. எண்ணெயில் ஏற்படும் வழுக்கல் விசையின் ஒரு பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. அவ்வெப்பத்தைத் தணிக்கக் குளிர்விப்பானும், எண்ணெயைத் தூய்மையாகக் காக்க வடிகட்டிகளும் தேவைப்படுகின்றன.

ஒரு கணக்கு

எது சிறந்தது என்னும் விவாதத்தை ஒரு சிறு கணக்கு தெளிவாக்கும். விளக்கத்திற்காகச் சில அளவுகளைக் கொள்ளலாம். ஒரு புல்டோசர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் மண்ணைத் தள்ளி, 6 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. ஒவ்வொரு நடைக்கும் கியர் மாற்றுவதில் நேரடி முறையில் 12 விநாடியும், பவர்ஷிப்ட் முறையில் 3 விநாடியும் செலவாகின்றன. வழுக்கலால் பின்னதன் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைகிறது.

தள்ளும் தொலைவு 10 மீட்டர் எனில், நேரடி முறையில் ஒரு நடைக்கு 12, 6, 12 என மொத்தம் 30 விநாடி ஆகும். பவர்ஷிப்ட் முறையில் ஓட்டத்திற்கு 20 விநாடியும் கியருக்கு 3 விநாடியுமாக 23 விநாடி போதும். மணிக்கு 120 நடை என்பது ஏறத்தாழ 156 ஆக உயர்கிறது. ஆனால் தொலைவு 60 மீட்டர் எனில், நேரடி முறைக்கு 120 விநாடியும், பவர்ஷிப்ட் முறைக்கு 123 விநாடியும் ஆகின்றன. முன்னர்க் கிடைத்த ஆதாயம் முழுவதும் வழுக்கலில் கரைந்துவிடுகிறது. கியர் மாற்றம் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதே தேர்வின் அடிப்படை என்பது இதனால் விளங்கும்.

ஓட்டுநரின் உழைப்பையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். மணிக்கு 120 நடை என்றால், முன்னும் பின்னுமாக 240 கியர் மாற்றங்கள். ஆறு மணி நேரம் ஓட்டினால் 1,440 முறை கிளட்சை இயக்கியாக வேண்டும். மாலையில் சோர்ந்த கை காலையில் செய்த வேகத்தில் வேலை செய்யாது. கிளட்சும் விரைவில் தேயும்.

உழவும் சாலையும்

நம் நாட்டின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 1947இல் அமைக்கப்பட்ட மத்திய டிராக்டர் நிறுவனம், மத்திய இந்தியாவில் காஸ் என்னும் நாணற்புல் மண்டிக் கிடந்த நிலங்களை மீட்கும் பணியில் ஈடுபட்டது. அப்பணிக்கான டிராக்டர்களை வாங்க உலக வங்கி 1949இல் ஒரு கோடி டாலர் கடன் அளித்தது. ஆழ வேரோடிய புல்லை அழிக்க, கனத்த கலப்பையுடன் நீண்ட சால்களை ஒரே கியரில், ஒரே சீராக உழ வேண்டும். இடைவிடாத இத்தகைய இழுவைக்கு நேரடி முறையே சிக்கனமானது.

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் நிலை வேறு. அங்கே புல்டோசர் சிறு தொலைவுக்குள் ஓயாமல் முன்னும் பின்னும் செல்கிறது. இரவு பகலாக வேலை நடக்கிறது. பணிமனையும் அருகிலேயே இருக்கும். பவர்ஷிப்ட் முறைக்கு இதைவிடப் பொருத்தமான களம் அரிது. கோலார் மாவட்டத்து ஏரிகளைத் தூர் வாருவது போன்ற பணிகளில், வண்டல் குவிக்கப்படும் இடம் அருகில் இருந்தால் பவர்ஷிப்டும், தொலைவில் இருந்தால் நேரடி முறையும் நயம் தரும்.

மிகக் கடினமான தேர்வு எல்லைப்புற மலைச்சாலைகளில் எழுகிறது. 1960இல் தோன்றிய எல்லைச் சாலைகள் அமைப்பின் பணி பெரும்பாலும் இத்தகைய இடங்களில் நிகழ்கிறது. குறுகிய மலைச் சரிவில் அங்குலம் அங்குலமாக முன்னேறும் வேலை பவர்ஷிப்டை வேண்டுகிறது. பள்ளத்தின் விளிம்பில் எஞ்சின் நின்றுவிடாதிருப்பது ஓட்டுநரின் உயிருக்கே காப்பு. ஆனால் அங்கே பழுது நேர்ந்தால் என்ன செய்வது? நேரடி முறையின் கிளட்சுத் தட்டைத் தேர்ந்த பிட்டர் ஒருவர் களத்திலேயே மாற்றிவிட இயலும். பவர்ஷிப்ட் பெட்டியைத் திறக்கத் தூசி புகாத கொட்டகையும், அழுத்தத்தைச் சோதிக்கும் கருவிகளும், பயிற்சி பெற்றவரும் வேண்டும். ஒரு முத்திரை வளையம் வந்து சேரும்வரை இயந்திரம் முழுவதும் முடங்கிக் கிடக்கும். ஆகவே வேலை எவ்வகையை வேண்டுகிறதோ அதை வாங்குவதோடு கடமை முடிந்துவிடாது. மாற்றுப் பெட்டி ஒன்றையும், உதிரிப் பாகங்களையும், பயிற்சி பெற்ற இருவரையும் அதே ஆணையில் சேர்த்துக் கேட்க வேண்டும். இவற்றுக்கு வழியில்லையெனில், மெதுவாக வேலை செய்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் நேரடி முறை வண்டியே மேலானது.

தேர்வின் வரிசை

வாங்கும் குழுக்கள் முதலில் விலைப்புள்ளியைப் பார்ப்பது வழக்கம். முறையான வரிசை அதுவன்று. முதலில் வேலையைப் பார்க்க வேண்டும்: தள்ளும் தொலைவு என்ன? மணிக்கு எத்தனை முறை திசை மாறும்? இரண்டாவதாகப் பணிமனையைப் பார்க்க வேண்டும்: எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது? அங்கே யார் இருக்கிறார்கள்? மூன்றாவதாக ஓட்டுநருக்கு அளிக்கப்படும் பயிற்சி. இம்மூன்றும் தெளிவான பின்னரே விலை. அவ்விலையையும் மணிக்கு எவ்வளவு என்று கணக்கிடாமல், நகர்த்தப்படும் ஒவ்வொரு கனமீட்டர் மண்ணுக்கும் எரிபொருள், பழுது, முடக்கம் ஆகியவை உட்பட எவ்வளவு என்று கணக்கிடுதல் வேண்டும்.

விவசாய டிராக்டருக்கும் இவ்விதி பொருந்தும். நாள் முழுவதும் ஒரே கியரில் உழும் வண்டிக்கு எளிய கியர் பெட்டி போதுமானது. முன்புறத்தில் வாளி பொருத்தி, குப்பையும் மண்ணும் அள்ளி, நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறும் வண்டிக்கு எளிதில் மாறும் கியர் அமைப்பு கூடுதல் விலைக்கு ஈடான பயனைத் தரும்.

பொறியியல் மாணவர்கள் கல்வியை முடித்து அரசுப் பணியில் சேரும்போது, இத்தகைய கோப்புகள் அவர்களது மேசைக்கும் வரும். ஒரு கையொப்பத்தால் வாங்கப்படும் இயந்திரம் பல்லாண்டுகள் உழைக்கலாம். அல்லது ஒரு சிறு பாகத்திற்காகக் கொட்டகையில் துருவேறிக் கிடக்கலாம். இரண்டுக்கும் செலவாவது பொதுமக்கள் பணமே. கோப்பில் கையொப்பமிடுமுன் அந்த இயந்திரம் உழைக்கப்போகும் களத்தை ஒருமுறை நேரில் சென்று, மண்ணைத் தள்ள வேண்டிய தொலைவை அளந்து வருவது இத்தேர்வின் முதற்பணியாகும்.