நாகைச் சூளாமணி விகாரம்



தூத்துக்குடித் துறையில் வாழும் நமக்கு நாகப்பட்டினம் அயலூர் அன்று. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து கவர்ந்த துறைகளுள் இவ்விரண்டும் அடங்கும். அந்நாகையில் இருந்து மறைந்த பௌத்தப் பள்ளி ஒன்றைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன் அதனை எடுக்கத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்தான். தஞ்சையில் பெருவுடையார்க்குக் கற்றளி எடுத்த முதலாம் இராசராசனே, தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக ஈந்தான். பிடியானையை நடத்தி எல்லை சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டினர். ஊரின் இறை ஆண்டுக்கு 8,900 கலத்துக்கு மேற்பட்ட நெல். தந்தையின் ஈகையைச் செப்பேட்டில் ஏற்றி நிலைபெறச் செய்தவன் இராசேந்திரன். ஏடுகள் 21, அவற்றுள் 5 வடமொழி, 16 தமிழ். இலக்கணம் கற்பித்து வயிறு வளர்க்கும் எமக்கு, வடமொழிப் புகழுரையினும், வாய்க்காலும் வரப்பும் எண்ணிச் செல்லும் அத்தமிழ்ப் பகுதியே சுவை மிக்கதாகத் தோன்றுகின்றது.

அவ்விராசேந்திரனே 1025இல் கடாரத்தின்மேல் கலம் செலுத்தி வென்றான். எனினும் பள்ளியின் நிலம் பறிபோகவில்லை. 1090இல் முதற் குலோத்துங்கன் மூன்று ஏடுகளில் அதனை மீண்டும் உறுதி செய்தான். 15ஆம் நூற்றாண்டில் கலம் உடைந்து இக்கரை சேர்ந்த பெகு நாட்டுப் பிக்குகள் நாகைக்கு நடந்துசென்று, ஆண்டிருந்த புத்தர் படிமத்தை வணங்கினர் என்று அந்நாட்டுக் கலியாணிக் கல்வெட்டுக் கூறுகின்றது.

நாகையில் எஞ்சி நின்றது, செங்கற்களைச் சாந்தின்றி நெருங்க அடுக்கிய மூன்று நிலைக் கோபுரம் ஒன்று. மாலுமிகள் அதனைக் கரைக்குறியாகக் கொண்டனர். 1846இல் வால்ட்டர் எலியட் துரை அதனை நேரிற் கண்டு எழுதினார். 1867இல், அரசாங்கத்தின் இசைவு பெற்று, இயேசு சபைத் துறவிகள் அதனை இடித்தனர். அச்சபையாரிடம் கல்வி பெற்றோர் இக்கரையிற் பலராதலின், பழி கூறுவது எம் நோக்கமன்று. ஊரார்க்கு அது யாருடையது என்பதே மறந்துபோயிருந்தது. சீனக் கோபுரம் என்றே பலரும் வழங்கினர். மறதிக்கு முன் செங்கல் எம்மட்டு? 1856 முதல் 1934 வரை அந்நிலத்தைத் தோண்டியபோதெல்லாம் வெளிப்பட்ட புத்தர் திருவுருவங்கள் ஏறக்குறைய 350. செப்பேடுகளோ ஒல்லாந்து சென்று, லைடன் நகரின் பெயரையே பெற்றன.

நம் இல்லங்களின் பரண்களில் ஓலைச்சுவடிகளும், பாட்டனார் காலத்துச் சாசனங்களும், முத்துக் கணக்கேடுகளும் கிடத்தல் கூடும். செல்லரிக்கும் முன் அவற்றை எடுத்து வாருங்கள். ஞாயிறுதோறும் மாலையில் சங்க இல்லத்தில் இருப்போம். உடனிருந்து படித்து, படியெடுத்து, மூலத்தை அன்றே திருப்பித் தருவோம்.