இறைத்த கிணறும் இறைக்கக் கூடாத கிணறும்

(நூற்றாண்டு விழாவில், நீர்த்துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, பேராதனையில் குடிசார் பொறியியல் கற்று, குடிநீர், கழிவுநீர் வேலைக்குப் போன மூவர் நாங்கள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு என்றபோது வீட்டில் மகிழ்ந்தார்கள். கழிவுநீர் என்றபோது, "பொம்பிளைப் பிள்ளைக்கு இதுவும் ஒரு வேலையோ?" என்று கேட்டார்கள்.

அதற்கான பதிலை 2004 மார்கழி 26க்குப் பிறகுதான் கண்டோம். கடல் வந்து போனபின் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் கரையோரக் கிணறுகள் உவராகிக் கிடந்தன. மலசலகூடக் குழிகளின் அழுக்கும் கலந்திருந்தது. "இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எனவே பம்பி வைத்து இறைத்தார்கள். அனுபவமில்லாத நாங்களும் இன்னும் இறையுங்கள் என்றோம். நாலாம் நாள் ஓர் அம்மா வாளித் தண்ணீரை எங்கள் முன் வைத்தார். "பிள்ளையள், முந்தியைவிட இப்பதான் கூடக் கரிக்குது" என்றார்.

அவர் சொன்னது சரி. கரையோர மணலுக்குள் மழைநீர், பாரம் கூடிய கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்திற்கு நன்னீர் இருக்கும். மேலே குறையக் குறைய, கீழிருந்து உவர் ஏறும். இதைப் பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்தவர்கள் நாங்கள். அந்த முற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை. ஒருமுறை மெதுவாக இறைத்து, சேற்றை அள்ளிவிட்டு, கிணற்றை ஆறவிட்டிருக்க வேண்டும். மிச்சத்தைக் கழுவியது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான்.

நிலத்துக்குக் கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதை அறிந்து, உரிய நேரத்தில் சொல்வதே இந்தத் தொழில். குளக்கோட்டன் கட்டியதாக நம் ஊர் சொல்லும் கந்தளாய்க் குளத்து நீர், இன்று சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் நகருக்கு வருகிறது. வந்த நீர் குளித்து, கழுவி, அழுக்காகி எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. வளவின் முன்பக்கம் கிணறு, பின்பக்கம் மலசலகூடக் குழி. இரண்டுக்கும் நடுவே மணல். மழை வெள்ளம் வாய்க்காலில் இறங்கினால் முடிவிடம் நம் துறைமுகம்.

தண்ணீர் கெட்டால் முதலில் குடத்தோடு அலைபவள் பெண். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் விழித்திருப்பவளும் அவளே. அப்படியிருக்க, கிணறும் குழியும் எங்கே அமைய வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் அவள் ஏன் இருக்கக் கூடாது?

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, ஊருக்கு வந்து வீடு கட்டும்போது குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை முதலில் அளவுங்கள். அயல் வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள். தங்கைகளே, கழிவுநீர் என்ற சொல்லுக்குக் கூச்சப்படாதீர்கள். பெற்றோரே, பிள்ளை அதைத் தெரிவுசெய்தால் தடுக்காதீர்கள்.

அந்த வாளித் தண்ணீரின் கரிப்பு எங்கள் நாவில் இன்னும் இருக்கிறது. அடுத்து வருபவர்கள் எங்களைவிட முந்திச் சரியாகச் சொல்ல வேண்டும்.