மழை பொய்த்தால் யார் பேசுவது?

(புறக்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் கூடியிருக்கும் புறக்கோட்டை, நாட்டின் வானிலையை விலைப்பலகையிலே வாசிக்கும் இடமாகும். வடக்கில் மாரி பிழைத்தால் இங்கே வெங்காயமும் மிளகாயும் விலையேறுகின்றன. வயலின் துன்பம் நகரத்து அடுக்களையை வந்தடைகின்றது. இரு முனையிலும் அதனைத் தாங்குபவள் பெண்ணே.

1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. களனி கங்கை வற்றி, அதன் படுகையில் எஞ்சிய குட்டைகளிலே நுளம்பு பெருகிற்று. அடுத்து வந்த மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 மக்கள் இரையாயினர். அவ்வேளை, நமக்கு அயலான கொழும்பு வடக்கின் குரலாக அரசாங்க சபையில் வீற்றிருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. 1932இல் தெரிவான திருமதி நேசம் சரவணமுத்து.

அன்றைய வரட்சி இயற்கையின் சீற்றம். இன்றோ, மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் உலகைச் சூடேற்றி, வரட்சியையும் பெருமழையையும் கடுமையாக்குகின்றன. 2025 நவம்பரில் 'டித்வா' புயல் இத்தீவில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. ஆயினும் 2024இல் தெரிவான நாடாளுமன்றத்தில் பெண்கள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே!

பெண்களிடம் பொறுப்பை அளித்தால் விளைவது யாது? 2015இல் தொடங்கிய கண்டற்காட்டுப் பாதுகாப்புத் திட்டம், கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறு கடனும் அளித்தது. அவர்கள் தத்தம் ஊர்க் கண்டலைக் காக்கும் பொறுப்பை ஏற்றனர். கண்டல் அலையின் வேகத்தைத் தணிக்கும்; மீன்குஞ்சுகளை வளர்க்கும். கரையைக் காத்த கைகள் வாழ்வையும் தேடிக்கொண்டன.

ஆனால் பொறுப்பு மட்டும் போதாது, அதிகாரமும் வேண்டும். 2009இல் முடிவுற்ற போரின் பின் வன்னியிலே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர். குளத்து நீரை என்று திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது எனத் தீர்மானிக்கும் கூட்டத்தில், காணி உறுதி கணவன் பெயரில் உள்ளதென்பதற்காக அவள் வாயடைத்து நிற்பதா?

உள்ளூராட்சி மன்றங்களில் மாதருக்கு நூற்றுக்கு 25 ஆசனங்கள் என்னும் சட்டத்தின்படி 2018இல் முதன்முதல் தேர்தல் நடந்தது. அந்நீதியைக் கமக்கார அமைப்புகளுக்கும் விரித்தல் வேண்டும். கமக்காரப் பெருமக்களே, அடுத்த கூட்டத்தில் அவளுக்கு ஆசனம் இடுங்கள். சட்டத்தரணிகளே, உறுதியில் அவள் பெயரையும் எழுதுங்கள். களை பிடுங்கும் கைக்கு வாய்க்காலைத் திறக்கும் உரிமையும் உண்டு!