தீர்க்காயுள் குலத்தில் வருவதா?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் தோட்டங்களில் ஒரு சாவு வீட்டுக்குப் போனால் இரண்டு பேச்சுக்களைக் கேட்காமல் திரும்ப முடியாது. ஒன்று, "அவர்கள் வம்சத்தில் ஆம்பிளைகளுக்கு ஆயுள் கட்டை" என்பது. மற்றது, "பொம்பிளை உயிர் கெட்டி" என்பது. பசறையிலும் இதே பேச்சு. அப்புத்தளையிலும் இதே பேச்சு. இவை எவ்வளவு தூரம் உண்மையென ஆராயவே இன்று உங்கள் முன் நிற்கிறேன். சாதகத்தில் ஆயுள் பாவம் பார்ப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது என் துறையன்று.

முதலில் வம்சத்தை எடுத்துக்கொள்வோம். டென்மார்க் தேசத்தில் 1870 முதல் 1900 வரை பிறந்த 2,872 இரட்டையர் சோடிகளின் ஆயுளைக் கணக்கிட்டு, 1996ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கொருவர் ஆயுள் வேறுபடுவதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே பரம்பரையால் விளைவது என்று கண்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் பெரிய பேதமில்லை. மிஞ்சிய முக்கால் பங்கும் உணவு, நோய், தொழில், பழக்கம், விபத்து ஆகியவற்றைச் சேர்ந்தது.

ஆனால் நூறு வயதைத் தொடுகிறவர்களின் கதை சற்றே வேறு. அமெரிக்காவில் நூறு கண்டவர்களுடைய உடன்பிறப்புகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களுடைய சகோதரர்கள் நூறை எட்டும் வாய்ப்பு மற்ற ஆண்களைக் காட்டிலும் 17 மடங்கு. சகோதரிகளுக்கு 8 மடங்கு. எண்பதைக் காண ஒழுங்கான வாழ்க்கை போதும். நூறைக் காண இரத்தத்தின் தயவும் வேண்டும் போலிருக்கிறது! பிரான்சில் 122 வயது வாழ்ந்து 1997இல் மறைந்த ழான் கால்மான் அம்மையாரின் தமையனார் 97 வயது வரை இருந்தார். அதே அம்மையாரின் ஒரே மகள் 36 வயதிலேயே நோயால் இறந்துபோனார்.

நம்மவர் வம்சத்தில் இதைச் சோதிப்பதென்றால், பாட்டனுக்கு மேலே பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மில் சிலரே. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அண்ணனை நீலகிரிக்கு அனுப்பித் தம்பியை நமுனுகுலையில் நிறுத்தியது. ஒரே இரத்தம், இரண்டு வாழ்க்கை. இரு கரையிலும் யார் எத்தனை வயதில், எதனால் மறைந்தார்கள் என்று வீட்டுக்கு வீடு எழுதி வைத்தால் எவ்வளவோ விளங்கும். தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது இரத்தம் மாத்திரமா? அதே லயத்துக் காம்பரா, அதே அடுப்புப் புகை, சில வீடுகளில் அதே சாராயப் போத்தலும் வருகிறது. இவ்வளவையும் சேர்த்துத்தான் "வம்சம்" என்கிறோம்.

இனி ஆண் பெண் பேதம். பெண் உயிர் கெட்டி என்பதற்கு இயற்கையில் ஆதாரம் உண்டு. உலகெங்கும் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. சிசுப் பருவத்தில் இறப்பதும் ஆண் குழந்தைகளே அதிகம். அப்படியானால் இலங்கையில் பெண் எப்போதும் ஆணைவிட நீண்ட காலம் வாழ்ந்திருக்க வேண்டுமல்லவா? இல்லை, அன்பர்களே! 1920-22ஆம் ஆண்டுகளின் கணக்கில் ஆணின் சராசரி ஆயுள் 32.7 ஆண்டு, பெண்ணுடையது 30.7. 1946இலும் ஆணுக்கு 43.9, பெண்ணுக்கு 41.6. இயற்கை கொடுத்ததை வாழ்க்கை பறித்துக்கொண்டது.

எப்படிப் பறித்தது? 1946இல் இந்நாட்டில் 1,000 பிரசவங்களுக்கு 15 தாய்மார் இறந்தார்கள். மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தத்தைக் குடித்துச் சோகை பிடித்த உடம்பு, பிள்ளைப்பேற்றின் இரத்தப்போக்கைத் தாங்கவில்லை. தோட்டத்துப் பெண்ணின் நிலை இன்னும் மோசம். கவ்வாத்து வெட்டிய ஆண் நேரத்தோடு வீடு திரும்புவான். அவளோ மாலை நிறுவை வரை கொழுந்து எடுத்துவிட்டு வந்து, அடுப்பு மூட்டி, எல்லோருக்கும் போட்டு, மிஞ்சியதை உண்டாள். பெண் குழந்தைக்கும் பங்கு அப்படியே.

பிறகு டி.டி.டி. மருந்து மலேரியாவை அடக்கிற்று. இலவச வைத்தியம், மருத்துவிச்சிமார், புதிய மருந்துகள் எல்லாம் வந்தன. 1950இலேயே பிரசவ மரணம் 1,000க்கு 6க்குக் கீழே இறங்கியது. 1960களின் முற்பகுதியில் இரு பாலாரின் ஆயுளும் சமமாகி, 1967இல் ஆணுக்கு 64.8, பெண்ணுக்கு 66.9 என்று தராசு மறுபக்கம் சாய்ந்தது. இருபதே ஆண்டுகளில் எந்தக் குலத்தின் இரத்தமும் மாறிவிடாது என்பதைக் கவனியுங்கள். தோட்டங்கள் மாத்திரம் பின்தங்கின. நம் ஆஸ்பத்திரிகள் கம்பெனிகளின் பொறுப்பில் கிடந்தன. 1970களின் நடுவில், பஞ்ச காலத்தில், தோட்டங்களில் பிறந்த 1,000 சிசுக்களில் 100க்கு மேல் இறந்தன.

2011-13ஆம் ஆண்டுகளின் ஆயுள் அட்டவணையில் நாட்டுச் சராசரி ஆணுக்கு 72.0, பெண்ணுக்கு 78.6. இந்த ஆறரை ஆண்டு இடைவெளி முழுவதும் இயற்கை தந்ததென்று எண்ணவேண்டாம். புகையும் குடியும் வீதி விபத்தும் ஆண்களையே அதிகம் கொண்டுபோகின்றன. கசிப்பால் போனவரை "வம்சம் அப்படி" என்று சொல்லிக் காப்பாற்றுவது என்ன நியாயம்?

கடைசியாக, தாய்மாருக்கு ஒரு விஷயம். பொதுவாக மனைவி கணவனைவிட வயதில் இளையவள். அவளே அதிக காலம் வாழ்கிறவளும். எனவே பல வீடுகளில் எட்டுப் பத்து ஆண்டுகள் அவள் தனியே இருக்கவேண்டி வருகிறது. ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை வேலையிலிருந்து விலகும் ஆண் 55 வயதிலும், பெண் 50 வயதிலும் எடுக்கலாம். அது மாதாமாதம் வரும் பென்ஷன் அன்று; ஒரே தடவையில் கைக்கு வந்து, மகள் கலியாணத்திலும் மகன் கடனிலும் ஒரே வருஷத்தில் கரையும் தொகை. ஐம்பதில் அதை வாங்குகிறவளுக்கு, நாட்டுச் சராசரிப்படி பார்த்தாலும், முன்னே இன்னும் 28 ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. பாரத்தில் கையெழுத்து வைக்கும் முன் இந்தக் கணக்கை அவளுக்குச் சொல்ல நம் சங்கத்து வாலிபர்கள் லயம் லயமாய்ப் போனால் என்ன?