வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது?

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் விளாங்குடி குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. பேசிய நடையிலேயே, சிறிது சுருக்கித் தரப்படுகிறது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "கஷ்ட காலத்தில் நம்பிக்கை". செயலாளர் அக்கா வீட்டுக்கே வந்து, "நீ சர்ச்சுக்குப் போறவ. அந்த நம்பிக்கை உனக்கு எப்படிக் கை கொடுத்துச்சுன்னு பேசு"ன்னு சொன்னாங்க. எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. நம்ம கூட்டமைப்புல மீனாட்சியம்மனைக் கும்பிடுறவங்க இருக்காங்க, அஞ்சு வேளை தொழுகிறவங்க இருக்காங்க, மாதா கோயிலுக்குப் போறவங்களும் இருக்காங்க. நான் மதம் பேச வரலை. எனக்கு நடந்ததையும், நான் கேள்விப்பட்ட ஒரு அம்மாவைப் பத்தியும் சொல்றேன். உங்களுக்கு எது உதவுமோ அதை எடுத்துக்கங்க.

எங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டினவர். விடியக்காலம் மூணு மணிக்கெல்லாம் பரவை மார்க்கெட்டுல காய் ஏத்தி, ஊருக்குள்ள கடை கடையா இறக்கிட்டு, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிடுவார். 2018-ல ஒரு நாள் திண்டுக்கல் ரோட்டுல வண்டி கவிழ்ந்து போச்சு. உயிர் தப்பிச்சது. ஆனா முதுகுத் தண்டுல அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அவருக்கு அப்ப 39 வயசு. பெரியவன் எட்டாவது, சின்னவ அஞ்சாவது படிச்சாங்க.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகை போச்சு. வண்டிக் கடன் ஒரு பக்கம், வாரத் தவணைக் கடன் ரெண்டு இடத்துல, போதாததுக்கு வட்டிக்கு வாங்கினது. திங்கக்கிழமை ஒருத்தர், வியாழக்கிழமை ஒருத்தர் வாசல்ல வந்து நிப்பாங்க. கதவைச் சாத்திக்கிட்டு, பிள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டு உள்ளே உக்காந்திருக்கேன்.

அந்த நேரத்துல நான் பண்ணாத ஜெபம் இல்லை. "ஆண்டவரே, அவரை எந்திரிச்சு நடக்க வையும்"னு ராத்திரி ராத்திரியா முழங்கால் போட்டேன். உபவாசம் இருந்தேன். ஒண்ணும் நடக்கலை. ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனப்ப ஒருத்தர் எல்லார் முன்னாலயும், "உங்க வீட்டுல ஏதோ பாவம் இருக்கு, இல்லைன்னா விசுவாசம் குறைவு"ன்னு சொல்லிட்டார். அந்தச் சொல் விபத்தை விடப் பெரிய அடியா விழுந்துச்சு. அன்னைக்கு ராத்திரி, இனி எதுக்கு இருக்கணும்னு கூட மனசு போச்சு. இதை இந்த மேடையில ஏன் சொல்றேன்னா, இங்க உக்காந்திருக்கிறதுல யாருக்காவது அந்த மாதிரி நினைப்பு இருந்தா, அது உங்களுக்கு மட்டும் வந்தது இல்லைன்னு தெரியணும். தயவுசெய்து யார்கிட்டயாவது வாய் விட்டுச் சொல்லிருங்க.

மறுநாள் எங்க குழுக் கூட்டம். மூணு மாசமா சந்தா கட்டலை. "என் பேரை எடுத்துருங்கக்கா"ன்னு பாஸ் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். எங்க ஊக்குநர் அக்கா புத்தகத்தை வாங்கவே இல்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து முன்னால வச்சு, "கையெழுத்துப் போடு"ன்னாங்க. "சந்தா இல்லையேக்கா"ன்னேன். "சந்தா இல்லைன்னா வரக்கூடாதுன்னு எந்தத் தீர்மானத்துல எழுதியிருக்கு? உக்காருடி"ன்னு சொன்னாங்க. உக்காந்தேன். யாரும் எனக்குப் புத்தி சொல்லலை. பாய் வீட்டு அக்கா மட்டும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

வேதாகமத்துல யோபுன்னு ஒருத்தர் கதை இருக்கு. பிள்ளைங்க, சொத்து, உடம்பு எல்லாம் போயிருச்சு அவருக்கு. மூணு சிநேகிதர்கள் பார்க்க வந்தாங்க. ஏழு நாள் ராப்பகலா தரையில அவர் கூட உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்தை பேசலை. அவங்க செஞ்சதுலேயே நல்ல காரியம் அதுதான். அப்புறம் வாயைத் திறந்து, நீ ஏதோ தப்புப் பண்ணியிருக்க, அதான் உனக்கு இந்தக் கதின்னு ஆரம்பிச்சாங்க. கடைசியில கடவுள் யோபுவைக் கோவிக்கலை, அந்தச் சிநேகிதர்களைத்தான் கோவிச்சார். எனக்கு அந்த ஜெபக் கூட்டத்துல கிடைச்சது சிநேகிதர்களோட பேச்சு. குழுவுல கிடைச்சது அந்த ஏழு நாள்.

அடுத்த மாசம் குழுவுல உள்கடன் கொடுத்தாங்க. சபையில காணிக்கை எடுத்துக் கொடுத்தாங்க. பிள்ளைங்களைப் பாய் வீட்டு அக்கா பார்த்துக்கிட்டாங்க. அவரைக் கூட்டிக்கிட்டு ரயில்ல காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யோட மறுவாழ்வு நிலையத்துல சேர்த்தேன். எந்திரிச்சு நடந்துருவார்ங்கிற ஆசையிலதான் போனேன். அங்க ஒரு நர்சம்மா ஒளிக்காம சொல்லிட்டாங்க: "நடக்க வைக்கிறோம்னு நாங்க சொல்லலைம்மா. வாழ வைக்கலாம்." நான் அழுதேன். அப்ப அவங்க சொன்னதுதான் டாக்டர் மேரி வர்கீஸ் கதை. ஊருக்கு வந்தப்புறம் எங்க ஆயரோட மனைவி, அந்தம்மாவைப் பத்தி ஆங்கிலத்துல வந்த புத்தகத்தைப் படிச்சு மீதியையும் எனக்குச் சொன்னாங்க.

மேரி வர்கீஸ் 1925-ல் கேரளத்தில் கொச்சிப் பக்கம் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். 1954-ஆம் ஆண்டு தொடக்கத்தில், மற்ற இளம் டாக்டர்களோடு வெளியூர் போகும்போது வண்டி கவிழ்ந்தது. அவருக்கு முதுகுத் தண்டில் அடி. முகத்திலும் பெரிய காயம். அப்போது அவருக்கு 28 வயது. இடுப்புக்குக் கீழே உணர்வு போனது போனதுதான். பக்தியுள்ள குடும்பத்துப் பெண். அவருக்காக எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். கால் திரும்பவில்லை.

அங்கே டாக்டர் பால் பிராண்ட் என்று ஒருவர் இருந்தார். நம்ம கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். தொழுநோயில் நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களை, வேலை செய்கிற தசைநாரை இடம் மாற்றித் தைத்து, திரும்ப நிமிர்த்த முடியும் என்று காட்டியவர். அவர்தான் மேரியிடம், கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம், உன் கைகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று எடுத்துச் சொன்னார். மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். யோசித்துப் பாருங்கள். காலில் உணர்வு இல்லாத டாக்டர், கையில் உணர்வு இல்லாத நோயாளிக்கு விரலை நிமிர்த்துகிறார். தொழுநோய் என்றால் ஊரே ஒதுக்கி வைத்த காலம் அது. நம்மைப் போலவே அடிபட்ட ஒருவர் நம் கையைத் தொடுகிறாரே என்பதே அந்த நோயாளிகளுக்குப் பாதி மருந்தாக இருந்திருக்கும்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய், தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளப் பயிற்சி எடுத்தார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1986-ல் காலமானார். விபத்துக்குப் பிறகு 32 வருஷம் வாழ்ந்திருக்கிறார். கால் உணர்வு திரும்பாமலேயே.

இதைக் கேட்டப்ப எனக்கு ஒண்ணு புரிஞ்சது. நான் அது வரைக்கும் கடவுள்கிட்ட, போனதைத் திருப்பிக் கொடுன்னு மட்டும்தான் கேட்டிருக்கேன். மிச்சம் என்ன இருக்குன்னு பார்க்கவே இல்லை.

அப்பத்தான் சின்ன வயசுல ஓய்வுநாள் பள்ளியில கேட்ட இன்னொரு கதை ஞாபகம் வந்துச்சு. இது நம்ம குழுவுக்குன்னே எழுதின கதை மாதிரி இருக்கும். ஒரு விதவை. புருஷன் கடன் வச்சிட்டுச் செத்துப்போனார். கடன்காரன் ரெண்டு பையன்களையும் அடிமையாக் கூட்டிக்கிட்டுப் போக வந்துட்டான். அவள் எலிசா தீர்க்கதரிசிகிட்ட ஓடுறா. அவர் பணம் கொடுக்கலை. வீட்டுல என்ன மிச்சம் இருக்குன்னு கேட்கிறார். ஒரு குடத்துல கொஞ்சம் எண்ணெய் இருக்குங்கிறா. அக்கம்பக்கத்து வீடுகள்ல காலிப் பாத்திரம் இரவல் வாங்கச் சொல்றார், அதுவும் நிறைய வாங்கச் சொல்றார். வாங்கின பாத்திரம் எல்லாம் நிறையுற வரைக்கும் எண்ணெய் வந்துச்சாம். அதை வித்துக் கடனை அடைச்சு, மீதியில பிழைச்சாங்க. கவனிச்சீங்களா? அற்புதம் கடவுளோடது. ஆனா பாத்திரம் பக்கத்து வீட்டுக்காரங்களோடது.

எங்க வீட்டுல மிச்சம் இருந்தது ஒரு கிரைண்டர், கல்யாணச் சீராக வந்தது. அப்புறம் அவரோட ரெண்டு கை. ஊருக்கு வந்து மாவு ஆட்ட ஆரம்பிச்சேன். முதல் நாள் ரெண்டு படி அரிசி. ஊத்தி வைக்கப் பாத்திரம் இல்லை. குழுவுல ஆளுக்கொரு தூக்குவாளி, ஒரு எவர்சில்வர் டப்பான்னு கொண்டாந்து கொடுத்தாங்க. அந்தக் கதையை நினைச்சு எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. இன்னைக்கு அவர் சக்கர நாற்காலியில உக்காந்து மாவை எடை போட்டு, பாக்கெட் கட்டி, கணக்கு எழுதுறார். போன்ல ஆர்டர் எடுக்கிறதும் அவர்தான். பாத்திமா காலேஜ் ஸ்டாப் வரைக்கும் எங்க மாவு போகுது.

எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். 2020 ஊரடங்குல தவணை எல்லாம் மறுபடி தேங்கிருச்சு. மொத்தக் கடனையும் அடைக்க அஞ்சு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் சில நாள் அவர் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு யார்கிட்டயும் பேச மாட்டார். அந்த நாள்ல நான் வசனம் சொல்றது இல்லை. பக்கத்துல சும்மா உக்காந்துக்குவேன். குழுவுல கத்துக்கிட்டது அது.

பொறுமைன்னா கையைக் கட்டிக்கிட்டுக் காத்திருக்கிறதுன்னு நினைச்சிருந்தேன். இப்ப எனக்குப் பொறுமைன்னா, ராத்திரியில ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறது. உணர்வு இல்லாத உடம்புல ஒரே இடம் அழுந்தினா புண் வந்துரும், அவருக்கே தெரியாது. புண் வந்தா உயிருக்கே ஆபத்து. நாற்காலியில இருக்கும்போதும் அவர் அப்பப்ப கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கணும். பெரிய விசுவாசம்னு ஒண்ணு எங்கிட்ட இல்லை. அலாரம் அடிக்குது, எந்திரிக்கிறேன், "ஆண்டவரே, இன்னும் ரெண்டு மணி நேரத்துக்குப் பெலன் தாரும்"னு கேட்கிறேன். அவ்வளவுதான் என் ஜெபம். இத்தனை வருஷமும் அந்த ரெண்டு மணி நேரக் கணக்குலதான் ஓடியிருக்கு.

முடிக்கிறதுக்கு முன்னால மூணு விஷயம். உங்க குழுவுல யாராவது மூணு கூட்டம் வரலைன்னா அபராதம் எழுதுறதுக்கு முன்னால வீட்டுக்குப் போய்ப் பாருங்க. ரெண்டாவது, முதுகுத் தண்டு அடிபட்டவங்க வீட்டுல இருந்தா, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்க. எனக்கு இது தெரியவே ஒரு வருஷம் ஆச்சு. மூணாவது, கஷ்டத்துல இருக்கிறவங்ககிட்ட, ஏன் வந்துச்சுன்னு காரணம் சொல்லாதீங்க. ஒரு பாத்திரம் கொண்டு போங்க.

நான் நம்புற ஆண்டவர் எனக்கு அவரோட காலைத் திருப்பிக் கொடுக்கலை. ஆனா எங்க வீட்டுல என்ன மிச்சம் இருக்குன்னு காட்டினார். அது நிறையறதுக்குப் பாத்திரம் கொடுத்தது நீங்க. அந்தத் தூக்குவாளி ஒண்ணு இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு. யாரோடதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. தேவைப்படுறவங்க வந்து வாங்கிக்கங்க.