சீகை மரத்தைத் தொடர்ந்து வந்த அந்நியன்

கோத்தகிரிச் சரிவுகளில் இன்றும் நாம் காணும் சீகை மரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்கென வருவிக்கப்பட்டவை. அதே தேசத்துப் பிரஜையான பஞ்சுச் செதில் பூச்சியும், சற்றுத் தாமதமாக, 1928-ஆம் ஆண்டில் நீலகிரியின் சீகை மரங்களில் தென்பட்டது. ஆரஞ்சு, எலுமிச்சை முதலான மரங்களுக்குப் பரம விரோதியான இந்த ஜந்து, ஆண் துணையின்றியே சந்ததி பெருக்க வல்லதாகையால், ஒன்றே ஒன்று தப்பி வந்தாலும் போதும். வெண்பஞ்சுப் பையில் நூற்றுக்கணக்கான முட்டைகளைச் சுமந்தபடி அது கிளையின் சாற்றை உறிஞ்ச, அது கழிக்கும் இனிய திரவத்தை நாடி எறும்புகளும், இலைமேல் கரும்பூஞ்சணமும் வந்து சேரும்.

கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை இப்பூச்சி நிர்மூலமாக்கும் தறுவாயில், 1888-இல் ஆல்பர்ட் கோபெலே என்பவர் ஆஸ்திரேலியாவுக்கே சென்று, இதனைத் தின்னும் பொறிவண்டுகளைத் தேடிப்பிடித்து அனுப்பினார். முதலில் போய்ச் சேர்ந்தவை வெறும் 129. சொற்ப காலத்தில் தோட்டங்கள் பிழைத்தன. திருடனின் ஊரிலேயே காவற்காரனையும் தேடிய அந்த யுக்தியை நான் பெரிதும் மெச்சுகிறேன். அதே இன வண்டு பின்னர் நம் மலைக்கும் தருவிக்கப்பட்டது. ஆனால், கண்மூடித்தனமாக நஞ்சு தெளிக்கும் தோட்டங்களில் அவ்வண்டு மடிய, செதில் பூச்சி மறுபடியும் பெருகுவதுண்டு.